வஸ்தாது என்கிற பேர்

முதுகில் மணிலாக் கடலை மூட்டை, ஒரு கையில் ஏணிக் கம்பி. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கோவிந்தசாமி பஸ் கூரைக்கு ஏறும்போது டீ குடிப்பவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். "பாத்து வஸ்தாது" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். உடனே அவர் முகம் சுருங்கும். தலைத்துண்டை நெற்றிக்கு இழுத்துக்கொள்வார்.

வஸ்தாது என்றால் எங்கள் பக்கத்தில் குஸ்தி, சிலம்பம் சொல்லிக்கொடுப்பவர். கோவிந்தசாமி கம்பைத் தொட்டதே இல்லை. பஸ் ஸ்டாண்டில் அந்த வார்த்தைக்கு வேறு பொருள். கூப்பிட்டால் வந்து அடிக்கிற ஆள்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஒரு நாள், பஸ்ஸில் ஓர் அம்மாளின் சுருக்குப்பை காணாமல் போயிற்று. பக்கத்தில் இருந்த வளையல்காரர் தனசேகரனைக் கூட்டம் கீழே இழுத்துவந்தது. "நீ ஒண்ணு போடுப்பா" என்றது ஒரு குரல். கோவிந்தசாமி ஓங்கி அறைந்தார். வளையல் பெட்டியோடு அந்த மனிதர் சுருண்டு விழுந்தார். "வஸ்தாதுடா" என்று கை தட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போகப் பஸ்ஸுக்கு நின்றிருந்த நானும் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் பை சீட்டுக்கு அடியில் கிடைத்தது. தனசேகரனுக்கு இடது காது கேட்காமல் போயிற்று. கோவிந்தசாமிக்குப் பேர் நிலைத்தது.

நாலு வருஷம் கழித்து, போன வெள்ளிக்கிழமை என்னிடம் வந்தார்.

"சார், அனந்தபுரம் வரைக்கும் கூட வரீங்களா? அந்த வளையல்காரர பாக்க ரெண்டு வாட்டி போனேன். என்னைக் கண்டதும் பதறி எழுந்து, வாங்க வஸ்தாதுன்னு கும்புடுறாரு. அதுக்கு மேல இன்னாத்த பேசறது? திரும்பி வந்துட்டேன்." சற்று நிறுத்தி, "நீங்களும் அன்னிக்கு அங்க இருந்தீங்க" என்றார்.

போனோம். தனசேகரன் வாசலில் வளையல்களை நூலில் கோத்துக்கொண்டிருந்தார். பதறித்தான் எழுந்தார். "வாங்க வஸ்தாது."

"எம் பேரு கோவிந்தசாமிங்க. நீங்க உக்காருங்க."

அவர் உட்கார்ந்ததும் இவரும் பக்கத்தில் தரையிலேயே அமர்ந்து, தலை குனிந்தபடி தணிந்த குரலில் சொன்னார்: "விசாரிக்காம கை வெச்சிட்டேன். நாலு பேரு ஏத்திவிட்டாங்கன்னு சொன்னா பொய். எனக்கும் அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. மன்னிச்சுக்குங்க."

எனக்கும் சொல்ல வேண்டியது இருந்தது. நான் வளையல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தனசேகரன் நூலைக் கீழே வைத்தார். "இன்னா சொன்னீங்க? அந்தப் பக்கம் கேக்காதுங்க."

கோவிந்தசாமி எழுந்தார். அவரைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.