தட்டின் கடைசி நான்கு விநாடி

மதியம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். லேப்டாப்பின் மூலையில் பார்த்தேன். அதனால் நிச்சயமாகத் தெரியும்.

இது நடந்தது. நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். கதையை எப்படிக் கட்டுவார்கள் என்று தெரியும். கட்டியிருந்தால் இரவில் நடந்ததாக வைத்திருப்பேன். என்னையும் இன்னும் கொஞ்சம் நல்லவளாக வைத்திருப்பேன்.

செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்கு எதிர்ச் சந்தில், மாடியில் எனக்கு ஒரு வாடகை அறை. பழைய கிராமபோன் தட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். மூன்று வருடமாக வேறு வேலை கிடைக்கவில்லை.

அன்று பிளேயரில் இருந்தது முருகவேலின் தட்டு. அவருடைய கொள்ளுத்தாத்தா சின்னசாமி நாடகக்காரர். நூறு வருடத்துக்கு முன் சென்னைக்குப் போய் ஹாஸ்யத் தட்டு பேசியவர் என்பது குடும்பப் பெருமை. அவருக்கு முருகவேல் ஒரு நினைவு மண்டபம் கட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அங்கே ஒலிபெருக்கியில் தட்டு ஒலிக்க வேண்டும். மண்டபத்துக்கு ஒரு காப்பாளரும் வேண்டும். அந்த வேலை எனக்கு என்று பேச்சு.

தட்டின் பெயர் 'ரயிலடியில் பட்டிக்காட்டாள்'. மூன்று நிமிடம் ஏழு விநாடி. பட்டணத்து ரயிலடியில் ஒரு கிராமத்துப் பெண் வழி தெரியாமல் நிற்கிறாள். போலீஸ்காரன் விசாரிக்கிறான். இரண்டு குரலும் ஒரே ஆள்தான்.

"உன் பேரு என்ன?"

"மாமியா கூப்பிட்டா ஒண்ணு, நாத்தனா கூப்பிட்டா ஒண்ணு. எதைச் சொல்லட்டும் சாமி?"

"புருசன் பேரு?"

"அதை என் வாயால சொல்லலாமா? எங்க ஊர்ல பெருசா நிக்குதே, கார்த்திகைக்கு மேல நெருப்பு வைப்பாங்களே..."

"அண்ணாமலையா?"

"நீங்கதான் சொன்னீங்க. பாவம் எனக்கில்ல."

பட்டிக்காட்டாளைப் பார்த்துப் பட்டணத்தான் சிரிப்பதற்குத்தான் இந்தத் தட்டுகளைப் போட்டார்கள். முதல் முறை கேட்டபோது நானும் சிரித்தேன். என் ஊரும் பட்டணமில்லை, கீழ்பென்னாத்தூர்.

வேடிக்கை முடிந்ததும் குரல் நடிப்பை விட்டுவிடும். நிதானமாகச் சொல்லும்: "இது பேசினது அடி அண்ணாமலை பாஞ்சாலை."

அந்தக் காலத்து வழக்கம் அது. பதிவு செய்த மெழுகுத் தட்டு கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகும். அங்கே லேபிள் ஒட்டுகிறவனுக்குத் தமிழ் தெரியாது. யார் குரல் என்று அடையாளம் வேண்டும். அதனால் பாடி முடித்தவர்களும் பேசி முடித்தவர்களும் கடைசியில் தங்கள் பெயரைச் சொல்லி வைப்பார்கள்.

குரல் பாஞ்சாலை என்றது. லேபிளில் சின்னசாமி என்று அச்சாகியிருந்தது.

அடி அண்ணாமலை, மலைக்குப் பின்பக்கத்து ஊர். அங்கே போய் விசாரித்தேன். கிரிவலப் பாதையில் கற்பூரமும் தண்ணீர் பாட்டிலும் விற்கும் ரேவதியிடம் அனுப்பினார்கள். நாற்பது வயது இருக்கும். பெயரைச் சொன்னதும் சில்லறை எண்ணுவதை நிறுத்தினாள்.

"எங்க தாத்தாவப் பெத்தவ. நாடகக்காரங்களோட பட்டணம் போயி பிளேட்டுல பேசிட்டு வந்தேன்னு சொல்லிக்கினே செத்தாளாம். எவன் நம்பனான்? எவன்கூடயோ ஓடிப்போயி திரும்பி வந்தவன்னுட்டாங்க. இன்னிக்கும் கொழாயடில சண்ட வந்தா எங்களுக்கு அதான் பேரு. பிளேட்டு வுட்ட வம்சம்."

"தட்டு இருக்குங்க. அவங்க பேரும் அதுல இருக்கு. ஞாயித்துக்கிழமை மண்டபத் திறப்புல போடப் போறாங்க."

அவள் ஒரு ஆளுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தாள். பிறகு கேட்டாள்.

"மைக்குல வருமா மேடம்? ஒருவாட்டி வந்தா போதும். இந்தத் தெருவே அங்க வந்து உக்காந்துனு இருக்கும்."

வரும் என்றேன்.

மாதிரிக்கு அனுப்பிய கோப்பைக் கேட்டுவிட்டு, புதன்கிழமை முருகவேல் போன் செய்தார்.

"கடைசில ஏதோ பொம்பள பேரு வருதே, என்ன அது?"

"பேசினவங்க பேரு சார்."

"பேசினது எங்க தாத்தா. லேபிள்ல போட்டிருக்கு."

"பொம்பள குரல் சார் அது."

"நாடகக்காரர்மா. பொம்பள மாதிரி பேசமாட்டாரா? கீறல் சத்தத்தெல்லாம் எடுக்கறீங்க இல்ல, அதோட இதையும் எடுத்துடுங்க. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்புங்க. உங்க ஆர்டர் டைப் ஆயிட்டிருக்கு."

நான் சரி என்றேன். யோசித்துவிட்டுச் சொன்னேன் என்று எழுத ஆசை. யோசிக்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. பௌர்ணமி. சாலையில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. ஏதோ ஒரு கடை ஒலிபெருக்கியில் 'ஓம் நமசிவாய' திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வெயில். மூன்று பன்னிரண்டுக்குக் கடைசி நான்கு விநாடியைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஒரு பொத்தான்தான். கோப்பின் நீளம் மூன்று நிமிடம் மூன்று விநாடி ஆனது. சேமித்தேன். கடைசிப் பகுதியை மட்டும் ஓடவிட்டேன்.

"இது பேசினது அடி அண்ணாமலை பாஞ்சாலை."

நீளத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம் ஏழு விநாடி. பழைய கோப்பைத் திறந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மீண்டும் அழித்தேன். கோப்பின் பெயரை மாற்றிச் சேமித்தேன். மணி மூன்று இருபத்து நான்கு. ஓடவிட்டேன்.

பெயர் வந்தது. இந்த முறை கிட்டத்திலிருந்து வந்தது. தட்டின் கரகரப்பு குறைந்திருந்தது. நீளம் மூன்று நிமிடம் பதினொன்று. அழித்த கோப்பு வளராது. மூலத் தட்டிலேயே அவ்வளவு நீளம் கிடையாது.

தண்ணீர் குடித்தேன். மென்பொருள் பழையது, அதன் கோளாறு என்று சொல்லிக்கொண்டேன். மூன்றாவது முறை அழித்தேன்.

மணி மூன்று முப்பத்தொன்று. ஓடவிட்டேன். பெயர் இல்லை. நிம்மதியாக இருந்தது. ஹெட்போனைக் கழற்றப் போனேன்.

"உன் பேரு என்ன?"

அது போலீஸ்காரனின் கேள்வி. தட்டில் ஒன்றரை நிமிடத்துக்குப் பக்கத்தில் வரும். கடைசியில் வராது. நான் ஒட்டவில்லை.

ஹெட்போனை மேசையில் வைத்தேன். வயரையும் பிடுங்கினேன்.

அப்போதுதான் கவனித்தேன். சாலையில் பாட்டு நின்றிருந்தது. ஆட்டோ சத்தமும் இல்லை. பௌர்ணமி நாள். கீழே ஆயிரம் பேராவது நடப்பார்கள். சன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். நடந்துகொண்டுதான் இருந்தார்கள். வாய்கள் அசைந்தன.

மூன்று நாற்பது. மின்சாரம் போனது. விசிறி சுழன்று நின்றது. நிறுத்த மறந்து வெறுமனே சுற்றவிட்டிருந்த பிளேயரின் சிவப்பு விளக்கு அணைந்தது.

தட்டு நிற்கவில்லை.

ஊசி மேலே தூக்கியே இருந்தது. தட்டைத் தொடவில்லை.

"உன் பேரு என்ன?"

ஆண் போலப் பேசும் பெண் குரல். அறைக்குள் இருந்து வந்தது. எந்த மூலை என்று சொல்ல முடியவில்லை.

பிறகு இடைவெளி. தட்டில் அப்படி இடைவெளி கிடையாது. பதில் சொல்ல ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு...

"உன் பேரு என்ன?"

கதவுக்குப் போனேன். தாழ் திறந்துதான் இருந்தது. இழுத்தும் கதவு வரவில்லை.

"உன் பேரு என்ன?"

கழுத்தில் மூச்சு. சூடாக இல்லை.

"உன் பேரு..."

சொன்னேன்.

"கீழ்பென்னாத்தூர் கீதாஞ்சலி."

ஊரையும் ஏன் சேர்த்துச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஒரு சிரிப்பு. சின்னது. தட்டில் இல்லாதது.

தட்டு நின்றது.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு மின்சாரம் வந்தது. சாலையில் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கோப்பைப் பார்த்தேன். மூன்று நிமிடம் மூன்று விநாடி. சுத்தமாக இருந்தது. பெயரும் இல்லை, கேள்வியும் இல்லை.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று தெரியாது. நான் நான்கு பத்துக்கு அதை முருகவேலுக்கு அனுப்பினேன். 'சூப்பர்' என்று பதில் வந்தது.

ஞாயிறு காலை பத்து நாற்பதுக்கு ஒலிபெருக்கியில் தட்டு ஒலித்தது. கூட்டம் சிரித்தது. ரேவதி பின்வரிசையில் இருந்தாள். தலை நிறையப் பூ. இரண்டு பக்கமும் அவள் தெருப் பெண்கள். தட்டு முடிந்தது, கைதட்டினார்கள், முருகவேல் மைக்கைப் பிடித்தார். ரேவதி மட்டும் ஒலிபெருக்கியைப் பார்த்தபடி இருந்தாள். பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள்.

"இன்னாடி ரேவதி, உங்காளு பேரு இன்னும் பட்டணத்துலருந்து கெளம்பலயா?"

அந்த வரிசையே சிரித்தது. ரேவதி எழுந்து போனாள். என்னைத் தாண்டித்தான் போனாள்.

எனக்கு ஆர்டர் கொடுத்தார்கள். மேடையில், பொன்னாடையோடு.

அன்று மாலை அறைக்கு வந்து, எதையும் அழிக்காத மூலக் கோப்பைத் திறந்தேன். ரேவதிக்காவது அனுப்பிவிடலாம் என்று. கடைசி நான்கு விநாடியில் இரைச்சல் மட்டும் இருந்தது. மறுநாள் மண்டபத்துக்கு ஓடினேன். தட்டு இரண்டாக உடைந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கை தவறிவிட்டதாக முருகவேல் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் வருத்தப்படவில்லை.

மூன்று மாதம் கழித்து ஆரணியிலிருந்து ஷோயப் என்பவர் ஒரு படம் அனுப்பினார். பட்டுச்சேலை வியாபாரி. வீட்டில் பழைய தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருப்பதாகவும், விற்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். படத்தில் மூன்றாவது தட்டு அதுதான். 'ரயிலடியில் பட்டிக்காட்டாள்'. அதே லேபிள், அதே எண்.

ரேவதியிடம் போய்ச் சொன்னேன். அவள் கற்பூரத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"இதுலயாவது இருக்குதா?"

"எல்லாத் தட்டும் ஒரே அச்சுங்க. இதை யாரும் தொடல."

"நீங்க தொடாம இருந்தா சரி."

பேருந்தில் அவள் என்னோடு பேசவில்லை. சார்ஜ் தீர்ந்துவிடக் கூடாது என்று போனை அணைத்து மடியில் வைத்திருந்தாள். பதிவு செய்து தெருவில் எல்லாருக்கும் போட்டுக் காட்டப் போகிறாள். அது எனக்குத் தெரியும்.

ஷோயப் பெட்டியைக் கூடத்துக்கு இழுத்து வந்தார்.

"அப்பா மவுத்தானப்புறம் இத தொறக்கவே இல்லீங்க. இருபத்தெட்டு வருஷம். மெஷின் இருக்குது, ஊசிதான் இல்ல."

ஊசி கொண்டு போயிருந்தேன். சாவி கொடுத்துச் சுற்றும் பெட்டி கிராமபோன். மின்சாரம் தேவையில்லை. காலை பதினொன்று இருபது. வாசல் கதவு திறந்திருந்தது. தெருவில் நெசவுக்குப் பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரேவதி போனை உயிர்ப்பித்து, ஒலிக்குழாய்க்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் பிடித்தாள்.

தட்டு சுற்றியது. ரயிலடி வந்தது. போலீஸ்காரன் வந்தான். 'மாமியா கூப்பிட்டா ஒண்ணு, நாத்தனா கூப்பிட்டா ஒண்ணு' என்ற இடத்தில் ஷோயப் வாய்விட்டுச் சிரித்தார். ரேவதியும் சிரித்தாள். சத்தம் பதிவாகிவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு முன் அந்தக் குரலை அவள் குடும்பத்தில் யாரும் தட்டில் கேட்டதில்லை.

வேடிக்கை முடிந்தது. குரல் நடிப்பை விட்டது.

"இது பேசினது..."

ரேவதி போனை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

கரகரப்பு.

அதே குரல். நிதானமாக.

"...கீழ்பென்னாத்தூர் கீதாஞ்சலி."

ஊசி மையத்துக்குப் போய் உரசியது. ஷோயப் அதை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

ரேவதி போனைக் கீழே இறக்கினாள். பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தாமல் கேட்டாள்.

"ஏம்மா... அவ பேரயும் நீயே எடுத்துக்கினியா?"