சுந்தரிக்கு ஒரு பசி ஊசி

போன வாரம் எனக்கு மூச்சிளைப்பு. டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாள் காலை எட்டு இட்லியை முடித்துவிட்டு, “மத்தியானம் என்ன குழம்பு?” என்று கேட்டேன். மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

போன் போட்டால் டாக்டர் சிரிக்கிறார். “ஸ்டீராய்டு சார்! பசிக்கத்தான் செய்யும்.”

ஸ்டீராய்டா? எனக்குச் சட்டென்று ஒரு பசு மாடு ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் ஸ்டோர் கிளார்க் வேலை. பேச்சிலர். தேவகி அக்கா வீட்டின் பின்பக்க ரூமில் வாடகைக்கு இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் மாட்டுக்கொட்டகை. சுந்தரி, கலப்பின ஜெர்சி, என்னை நேருக்கு நேர் பார்க்கும். காலை ஷிஃப்ட்டுக்கு நான் அலாரம் வைத்ததே இல்லை. அது கத்தினால் எழுந்துவிடுவேன். என்ன சுகமான நாட்கள்! சம்பளம் குறைச்சல், கவலை அதைவிடக் குறைச்சல்.

சுந்தரி நிறைமாதச் சினை. கன்று போட இன்னும் இரண்டு வாரம். திடீரென்று தீனி குறைந்துவிட்டது. புண்ணாக்குத் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அக்காவின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. முந்தின ஈற்றில் கன்று செத்துப் பிறந்திருந்தது. “இந்தக் கன்னும் போச்சுன்னா நான் தாங்கமாட்டேன் தம்பி” என்று அழுதார். கணவரும் வேலைக்குப் போயிருந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

‘ஒரே ஊசி... மாடு தொட்டியையே தின்னும்’ என்று ஆலையில் யாரோ சொல்லியிருந்தார்கள். சைக்கிளை எடுத்தேன். படிக்காமலே ஊர் ஊராக மாட்டுக்கு ஊசி போடுகிற ஒருவரைக் கையோடு கூட்டி வந்தேன். உதவி செய்கிறேன் என்று கிளம்புகிறவனுக்கு இருக்கிற தைரியம், விஷயம் தெரிந்தவனுக்குக்கூட இருப்பதில்லை!

அவர் மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டார். அக்கா குறுக்கே வந்து நின்றார்.

“இன்னா ஊசி இது?”

“பசி ஊசிம்மா. நாளைக்கே அள்ளி அள்ளித் துன்னும்.”

“செனை மாட்டுக்குப் போடலாமா?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆவாது.”

“நீ சொல்லிக்கினு போய்டுவ. வவுத்துல கீறது எங்க கன்னு. மொதல்ல கெளம்பு நீ!”

அவர் போனதும் அக்கா என்னிடம் திரும்பினார். “மாட்டாஸ்பத்திரி டாக்டரை இட்டுக்கினு வா தம்பி.”

மறுபடி சைக்கிள்.

டாக்டர் வந்து மாட்டைச் சோதித்தார். “நோய் ஒண்ணும் இல்லம்மா. கன்னு போடற நாள் நெருங்கினா ஹார்மோன் மாறும், தீனி குறையும். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி வைங்க” என்றார். பிறகு கேட்டார்: “யாராவது ஊசி கீசி போட்டாங்களா? பசிக்கும்னு ஸ்டீராய்டு போடறானுங்க. இந்த நேரத்துல போட்டா, நாளுக்கு முன்னாடியே கன்னைத் தள்ளிடும்.”

நான் மெல்லச் சைக்கிள் பக்கம் நகர்ந்தேன். அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“யாரும் போடல சார்.”

இரண்டு வாரத்தில் கிடேரிக் கன்று. அழகு என்றால் அப்படி ஓர் அழகு! அக்கா தெரு முழுக்கச் சீம்பால் கொடுத்தார். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சு: “நம்ப தம்பிதான் ஓடிப்போய் டாக்டரை இட்டுக்கினு வந்துச்சு.”

டாக்டர் வருவதற்கு முன்னால் நான் யாரைக் கூட்டி வந்தேன் என்பதைக் கட்டின புருஷனிடம்கூட அக்கா சொல்லவில்லை.

நானும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை — உங்களைத் தவிர!