சிங்காரத்துக்கு ரோஷம் வைத்தவன் நான்

பாபநாசத்தில் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் வைண்டிங் கடை வைத்தேன். கரண்ட் வந்ததும் தானாக மோட்டாரை ஓடவிடும் ஸ்டார்ட்டரை, கம்பெனிக்காரன் பெட்டியில் போட்டு விற்பதற்கு முன்பே கட்டிக் கொடுத்தேன். போர்வெல்லில் சிக்கிய மோட்டாரைத் தூக்க நானே ராட்டினம் செய்தேன். இத்தனைக்கும் ஏழாம் வகுப்பு பெயில். கடைசியாகச் செய்தது ஒரு ரோபோவின் மூளை. மற்றதற்கெல்லாம் ஊர் சாட்சி இருக்கிறது. இதற்கு மட்டும் நானே எழுத வேண்டியிருக்கிறது.

1. ஆர்டர்

யூடியூபில் காமெடிப் படம் எடுக்கும் பிரவீன் கடைக்கு வந்தார். இன்ஜினியரிங் படித்தவர். அவர் கதையில் சிங்காரம் என்றொரு ரோபோ. சொந்தமாக யோசிக்கும். நெல் வியாபாரி வீட்டில் வேலைக்குச் சேர்ந்து எல்லோருக்கும் புத்தி சொல்லும். அதன் நெஞ்சைத் திறந்து காட்ட வேண்டுமாம்.

"உள்ள கம்ப்யூட்டர் மாதிரி ஏதாவது வைங்கய்யா. நாலு சீரியல் பல்பு மினுக்குனா போதும்."

"மாரியம்மன் கோயில்லயும்தான் மினுக்குது தம்பி. அது யோசிக்குதா?"

"காமெடிதானேய்யா, யாரு கேக்கப்போறா?"

"நான் கேக்குறேன். உன் சிங்காரத்துக்குக் கோவம் வருமா, வராதா?"

தலையைச் சொறிந்தார். நாலு வருஷப் படிப்பில் அந்தக் கேள்வி வரவில்லை போலிருக்கிறது.

2. மூன்று ஃபேஸ்

மோட்டாருக்கு மூன்று ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் மூன்று கம்பி: சிவப்பு, மஞ்சள், நீலம். சிங்காரத்துக்கும் அப்படியே பிரித்தேன். சிவப்பு பார்க்க, மஞ்சள் பேச, நீலம் ரோஷத்துக்கு. ஒன்று போனாலும் மோட்டார் உறுமிக்கொண்டே கருகும். அதனால் பிரிவென்டர் என்ற சின்னப் பெட்டி டிரிப் ஆகி நிறுத்திவிடும். மனிதர்களில் நீலம் இல்லாமல் ஓடுகிறவர்கள் நிறைய. அவர்கள் கருகுவதில்லை, கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் ரோபோ அப்படி ஓடக்கூடாது.

கைதட்டினால் லைட் எரியும் போர்டு ஒன்றை வாங்கி மாற்றிக் கட்டினேன். பக்கத்தில் பலமாகச் சிரித்தால் நீல விளக்கு அணைந்து ஸ்பீக்கர் கட் ஆகும். ரீசெட் பட்டனை வலது உள்ளங்கையில் வைத்தேன். காரணத்தைப் பிரவீன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

3. ஷூட்டிங்

ரைஸ்மில் களத்தில் ஷூட்டிங். சிங்காரத்தின் குரலைப் பிரவீனே தள்ளி நின்று மைக்கில் பேசினார். சிங்காரம் ஆடி ஆடி வந்ததைப் பார்த்து யூனிட்டே சிரித்தது. நீலம் அணைந்தது. பிரவீன் மைக்கில் கத்துகிறார், சிங்காரத்திடமிருந்து சத்தமே இல்லை.

"பேட்டரி போச்சாய்யா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கோவிச்சுக்கிட்டான். சிரிச்சீங்கல்ல?"

"வெளையாடாதீங்கய்யா, வெயில் எறங்குது!"

"வலது கையப் புடிச்சு மன்னிப்புக் கேளு."

"யாருகிட்ட?"

"பின்ன என்கிட்டயா? அவன்கிட்ட."

பிரவீன் போய்க் கையைப் பிடித்தார். "சிங்காரம் அண்ணே, தெரியாம சிரிச்சுட்டோம்." அழுத்திப் பிடித்ததில் பட்டன் அமுங்கியது. நீலம் எரிந்தது.

கேமராக்காரர் நிறுத்தாமல் எடுத்திருந்தார். ஊரே போனில் பார்த்துப் பார்த்துச் சிரித்தது அந்தக் காட்சிக்குத்தான், பிரவீன் எழுதிய எந்த வசனத்துக்கும் இல்லை.

4. டைட்டில்

"சிங்காரத்தின் மூளை: பிரவீன், பி.இ." என்று வந்தது. என் பெயர் கடைசியில், சமைத்தவருக்கும் கீழே: "எலக்ட்ரிக் உதவி: பக்கிரி". சமைத்தவருக்கு இனிஷியலாவது இருந்தது.

"ஐடியா யாருக்கும் வரும்ய்யா, எக்ஸிக்யூஷன்தான் முக்கியம்" என்றார் பிரவீன். அந்த எக்ஸிக்யூஷனும் என் ஸ்குரூ டிரைவர்தான்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பொருளைக் கொடுக்கும் முன் மூடியின் உள்பக்கம் உங்கள் பெயரைப் பெயிண்டில் எழுதுங்கள். நான் எழுதாமல் விட்டேன்.

இரண்டாம் பாகத்துக்காகச் சிங்காரம் இப்போது என் கடையில் சர்வீஸுக்கு நிற்கிறான். நீலம் எரியவில்லை. முதல் டைட்டில் கார்டில் "மூளை: கோ. பக்கிரிசாமி, மோட்டார் வைண்டிங், பாபநாசம்" என்று போட வேண்டும். போட்டுவிட்டு வந்து பிரவீன் என் வலது கையைப் பிடிக்கட்டும்.