தெரியுதா மேடம்?

கழுத்தை எப்படி வளைத்தாலும் வளைந்துகொடுக்கும் ஒரு சின்ன மேசை விளக்கு என்னிடம் இருக்கிறது. துணிக்குப் போடும் கிளிப்பைப் பெரிதாகச் செய்ததுபோல அடியில் ஒரு கவ்வி. மேசை விளிம்பில் அதை மாட்டி, கழுத்தைத் திருப்பினால் வெளிச்சம் நேராக முகத்தில் விழும். எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியிருந்த முதல் சில மாதங்களில் ஒருநாள் இது கூரியரில் நூம்பலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தது. அனுப்பியவர் எங்கள் குழுவை நடத்தும் லீட் மேடம். குழுவில் இருந்த எல்லோருக்கும் ஆளுக்கொன்று வாங்கி அனுப்பியிருந்தார். பெட்டியைப் பிரித்த அம்மா, "இன்னாடா இது, நம்ம ஊட்ல லைட்டே இல்லன்னு நெனச்சிகினாங்களா?" என்று கேட்டாள்.

எங்கள் வேலை வெளிநாட்டு நூலகங்களின் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது. எங்கோ ஓர் ஊரில் ஒருவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கணினி மக்கர் செய்தால், அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் அலுவலகத்தில் யாராவது நிமிர்ந்து உட்கார வேண்டும். அதற்காக நான் தினமும் வேலப்பன்சாவடியில் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, வானகரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் மடங்கி உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். வீட்டிலேயே வேலை என்று சொன்ன அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைக் கொஞ்ச நஞ்சமென்று சொல்ல முடியாது. மதியச் சோற்றைச் சூடாக, அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது அந்த நாட்களில்தான். ஆனால் "ஊட்லதானே கீற" என்று அம்மா என்னை மாவு மிஷினுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் விரட்டியதும் அதே நாட்களில்தான். அலுவலக வாசலைத் தாண்டினால் வேலை முடிந்தது என்று ஒரு கணக்கு இருந்ததே, அது போய்விட்டது. படுக்கையும் மேசையும் ஒரே அறையில் இருந்தால் எது எப்போது முடிகிறது என்று யாருக்குத் தெரியும்?

கூட்டங்களில் நாங்கள் யாரும் கேமராவைப் போடுவதில்லை. மேலே சட்டை, கீழே லுங்கி என்பதெல்லாம் வீடியோ போடுகிறவர்கள் செய்வது. நாங்கள் அந்தச் சிரமமும் இல்லாமல் வெறும் எழுத்துக் கட்டங்களாக இருந்தோம். லீட் மேடம் மட்டும் விடமாட்டார். "கேமராவைப் போடுங்கப்பா. கொஞ்சம் முகம் குடுத்துப் பேசுங்க" என்பார். போட்டால், "முகத்துல வெளிச்சமே இல்லையே, ஜன்னலுக்கு நேரா திரும்பி உக்காருங்க" என்பார். கடைசியில் விளக்கே வந்து சேர்ந்தபோது, குழுவில் மூத்தவரான ஆவடி அண்ணன் எனக்கு போன் செய்தார். "பாத்தியா மாமே? ஸ்டேஷன்ல வெச்சி மூஞ்சில லைட் அடிச்சி கேள்வி கேப்பாங்களே, அத்த அப்டியே ஊட்டுக்கே அனுப்சிகீறாங்க." நான் சிரித்து மாய்ந்தேன். நாங்கள் தூங்குகிறோமா என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடெல்லாம் என்று எல்லோருமே நம்பினோம்.

ஒருநாள் மழையில் எங்கள் பக்கம் இணையம் தள்ளாடியது. படத்தை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசினேன். ஒரு நூலகத்தில் உறுப்பினர் பெயர்கள் மாறிமாறி வருகின்றன, உடனே பார்க்க வேண்டும் என்று சொன்னேன். மேடம், "நல்லது, அப்படியே அனுப்பிடுங்க" என்றார். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் அதே பதில். ஆவடி அண்ணன் குறுக்கே புகுந்து தட்டச்சு செய்து காட்டிய பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. திரையில் அவர் முகம் சிவந்துபோனது தெரிந்தது. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "எனக்கு ஒரு காது சின்ன வயசுலேர்ந்தே கேக்காது. இன்னொண்ணும் இப்ப பாதிதான். ஆபீஸ்ல நீங்க பேசுனதயெல்லாம் நான் உங்க உதட்டப் பாத்துத்தான் தெரிஞ்சுகிட்டேன்."

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அலுவலகத்தில் அவர் எப்போதும் ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். வெயில் முதுகைச் சுடுகிறதே, இந்தப் பக்கம் வாருங்கள் என்றால் வரமாட்டார். வெளிச்சம் எங்கள் முகத்தில் விழ வேண்டும் என்பதற்காக அவர் வெயிலில் காய்ந்திருக்கிறார். யாராவது நடந்துகொண்டே பேசினால் அவர் முன்னால் ஓடிவந்து எதிரே நிற்பார். அதை நாங்கள் சுறுசுறுப்பு என்று நினைத்திருந்தோம். இப்படி ஒரு குழுவையே நடத்தியிருக்கிறார், யாருக்கும் ஒரு சின்னச் சந்தேகம்கூட வராமல். அன்று எனக்கு அவர்மேல் வந்த மரியாதை இன்றுவரை ஓர் இம்மியும் குறையவில்லை.

மறுநாள் ஆவடி அண்ணன் முகம் கழுவி, தலை வாரி, விளக்கைப் போட்டுக்கொண்டு திரையில் வந்து உட்கார்ந்தார். பெண் பார்க்க வந்தவர் போல இருந்தார். எல்லோரும் முதலில் கேட்கும் "கேக்குதா?" என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. "தெரியுதா மேடம்?" என்றார். "தெரியுது, சொல்லுங்க" என்று மேடம் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் அதுதான் வணக்கம்.

பேசப்பேச அந்தப் பேச்சு திரையின் அடியில் எழுத்தாக ஓடும் வசதி இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் அண்ணன்தான். அதற்குப் பிறகு மேடம் வேறு ஆளாகிவிட்டார். "இத்தனை வருஷமா பாதி மீட்டிங்க கேட்டேன், மீதிய ஊகிச்சேன்" என்றார். இப்போது எதிர்க்கேள்வி கேட்டார், கிண்டல் செய்தார். நூலகங்களின் சார்பில் வரும் ஒரு பெரியவர் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார். அவர் சொல்வது எங்கள் நல்ல காதுகளுக்கே எட்டாது. மேடம் மட்டும் எழுத்தையும் உதட்டையும் சேர்த்துப் படித்து டக்கென்று பதில் சொல்லிவிடுவார். அப்படி எழுதும் எந்திரமும் ஒன்றும் மகா புத்திசாலியில்லை. நான் நூம்பல் என்று சொன்னால் அது நம்பர் என்று எழுதும். "உங்க ஊரு எத்தனாம் நம்பர் தம்பி?" என்று மேடம் கேட்டுக்கேட்டு, என் பெயரே நம்பர் தம்பி ஆகிவிட்டது.

எல்லாம் சுகமாக இருந்தது என்று சொன்னால் பொய். கேட்பது என்பது அவருக்குக் கண்ணால் செய்யும் வேலை. சாயங்காலமானால் தலை வலிக்கும் என்பார். அலுவலகமாக இருந்தால் யாராவது முகத்தைப் பார்த்து, வாங்க மேடம், டீ குடிக்கலாம் என்று இழுத்துக்கொண்டு போயிருப்போம். கோவில்பதாகையில் தன் ஃபிளாட்டில் அவர் தனியாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதை எந்தத் திரையும் எங்களுக்குக் காட்டவில்லை.

பிறகு எல்லோரையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். டீக்காக மனம் துள்ளியது. ஆனால் கூட்டம் மீட்டிங் ரூமில் நடந்தது. நீளமான மேசை, நடுவில் ஒரே ஒரு மைக், சுவரில் கட்டைவிரல் அளவில் வெளிநாட்டு முகங்கள். நாங்கள் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்ததால் எங்கள் உதடுகளும் அவருக்குத் தெரியவில்லை. தூரத்து மைக்கில் விழுந்த பேச்சை எந்திரம் கண்டபடி எழுதித் தள்ளியது. பெரியவர் ஒன்று கேட்க, மேடம் வேறொன்றைச் சொன்னார். அங்கே உட்கார்ந்திருந்த எங்கள் பிரிவுத் தலைவர் நல்ல மனிதர்தான். அடுத்த வாரம் நடக்கவிருந்த ஆண்டுக் கூட்டத்தில்தான் எங்கள் வேலை தொடருமா என்பதை நூலகக்காரர்கள் சொல்லப்போகிறார்கள். அதில் ஆவடி அண்ணன் பேசட்டும் என்று அவர் முடிவு செய்தார். "உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம்?" என்று கனிவாகவே சொன்னார். அந்தக் கனிவு மேடத்தை லீட் நாற்காலியிலிருந்து மெல்ல இறக்கிவிடப்போகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. மேடம் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று மாலை எஸ்டேட் டீக்கடையில் அண்ணன் டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "அவங்க சோத்துல நான் கைய வெக்க மாட்டேன் மாமே. ஊட்ல இருந்தப்ப நல்லாத்தானே நடந்துச்சி? அத்தயே இங்க நடத்துனா ஆச்சி. அல்லாரும் அந்த லைட்ட எடுத்தாந்துருங்க."

ஆண்டுக் கூட்டத்தன்று பிரிவுத் தலைவர் மீட்டிங் ரூமுக்குள் போனார். ஆளில்லை. வெளியே வந்து பார்த்தார். கைநீட்டினால் தொடும் தூரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த நாங்கள் அத்தனை பேரும் அவரவர் கணினியில், காதில் ஹெட்செட், மேசையில் விளக்கு, முகத்தில் வெளிச்சம் என்று காத்திருந்தோம். பட்டப்பகலில் இதென்ன கூத்து என்று அவர் கேட்கும் முன்பே அண்ணன் எழுந்து, "சார், எங்க லீட் பேசுவாங்க. நாங்க அவங்களுக்குத் தெரியிற மாதிரி உக்காந்துகினு கீறோம், அவ்ளோதான்" என்றார்.

மேடம் அப்போதுதான் வந்தார். அந்த விளக்கு வரிசையைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் இடத்தில் உட்கார்ந்து, அங்கே அவருக்காக மாட்டி வைத்திருந்த விளக்கையும் போட்டார். எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்த அண்ணன் திரையைப் பார்த்து, "தெரியுதா மேடம்?" என்றார். பிறகு மேடம் பேசினாரே ஒரு பேச்சு! கேட்ட எந்தக் கேள்வியும் அவர் கையை விட்டு நழுவவில்லை. முணுமுணுக்கும் பெரியவர்கூட, எங்கள் எல்லோரையும் ஒழுங்காகப் பார்ப்பது இதுதான் முதல்முறை என்று சொல்லிவிட்டு, தன் அறையிலும் ஒரு விளக்கைத் தேடிப் போட்டுக்கொண்டார். எங்கள் வேலை தொடர்ந்தது. பிரிவுத் தலைவர் அதன்பின் மீட்டிங் ரூமுக்கு எங்களைக் கூப்பிடவே இல்லை.

இன்று அந்தப் பிரிவுக்கே மேடம்தான் தலைவர். வாரத்தில் பாதி நாள் அலுவலகம், பாதி நாள் வீடு என்று எல்லோருக்கும் ஆகிவிட்டது. என் விளக்கின் கவ்வி தளர்ந்துபோய், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். வேறு நல்ல விளக்கு வாங்கித் தருகிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள், நான் விடவில்லை. இன்று காலையும் ஜன்னல் நிறைய வெயில் இருந்தது. அம்மா, "வெயிலு அடிக்கறப்ப லைட்டு எதுக்குடா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். நான் விளக்கைப் போட்டு, முகத்துக்கு நேராகத் திருப்பினேன்.

"தெரியுதா மேடம்?"

"நல்லாத் தெரியுது நம்பர் தம்பி. சொல்லுங்க."