முகம் கடைசியில்

அந்த அக்கா உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஒரு மாலை முழுக்க அவள் அசையாமல் இருந்ததில், ஒரு சிலந்தி அவளுடைய முழங்கைக்கும் நாற்காலிக்கும் நடுவில் வலை பின்னி, ஈ பிடித்து, சாப்பிட்டுவிட்டு ஏப்பமும் விட்டது. சரி, ஏப்பம் நான் சேர்த்தது. ஈயும் நான் சேர்த்ததுதான். சிலந்தி ஒரே ஒரு இழை விட்டுப் பார்த்துவிட்டு இறங்கிப் போனதாகத்தான் என் நாத்தனார் சொன்னாள். அந்த ஓவிய வகுப்பில் அவளும் படித்தாள், கண்ணால் பார்த்தவள். ஆனால் வெறும் இழையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எப்படிக் கதை சொல்வது?

வகுப்பில் எல்லோரும் அவளைச் சிலையக்கா என்றே கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை அவள் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவள். அந்த ஜன்னல் கண்ணாடி முழுக்க அறிவிப்புகள் ஒட்டியிருக்கும். கீழே கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய விரல்கள் பழக்கம். முகம் ஒருவருக்கும் தெரியாது. கடைத்தெருவில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவார்கள், அவ்வளவுதான்.

வீட்டில் அவளும் அவளுடைய மூத்த அக்காவும் மட்டும். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "வர்றவன் உக்கார நாற்காலி இல்ல, அதான்" என்று மூத்தவள் பட்டென்று சொல்லிவிடுவாள். பேச்செல்லாம் மூத்தவளுடையது, இளையவள் கேட்டுக்கொண்டிருப்பாள். மூத்தவள் இறந்துபோன பிறகு அந்த வீட்டில் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. முகம் பார்க்கிற கண்ணாடிகூட மூத்தவளின் உயரத்துக்கு மாட்டியது. மூத்தவள் நல்ல வளர்த்தி. இவளுக்கு அதில் தெரிவது வகிடும் நெற்றியும் மட்டுந்தான். ஆணியைப் பிடுங்கிக் கீழே அடிக்க மனம் வரவில்லை. காலையிலிருந்து வாய் திறக்காமல் இருந்துவிட்டுச் சாயங்காலம் கடைக்குப் போய் ரொட்டி கேட்டால், "என்னம்மா, தொண்டை கட்டியிருக்கா?" என்பார் கடைக்காரர். கட்டவில்லை. பூட்டிக் கிடந்த கதவு திறக்கும்போது கிறீச்சிடாதா?

அப்படி இருக்கையில்தான் நூலக வாசலில் ஒரு காகிதத்தைப் பார்த்தாள். மாலை நேர ஓவிய வகுப்புக்கு, அசையாமல் உட்கார ஓர் ஆள் தேவை. வீட்டில் சும்மா செய்துகொண்டிருப்பதை வெளியே போய்ச் செய்தால் வேலை என்கிறார்களே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. கீழேயிருந்து வார்னிஷ் வாசனை ஏறி வரும். நடுவில் ஒரு தாழ்வான மேடை, அதன்மேல் நாற்காலி.

"போன வாரம் வரைக்கும் அங்க ஜாடி இருந்துச்சும்மா," என்றார் ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். "ஜாடியும் ரெண்டு ஆரஞ்சும். அதைத்தான் வரைஞ்சிட்டிருந்தோம்."

"ஆரஞ்சு எங்க?"

"அவரையே கேளுங்க," என்றார் மருந்துக்கடைக்காரர். "நான் நிழல் போட்டு முடிக்கல, மனுஷன் தோலை உரிச்சிட்டார்."

"வாடிப்போனா உங்களுக்குத்தானய்யா கஷ்டம்!" என்றார் ஓட்டுநர்.

அவள் உட்கார்ந்தாள். பாதங்களைச் சுற்றி ஓவிய மாஸ்டர் சாக்கட்டியால் கோடு போட்டார். இடைவேளைக்கு எழுந்து போனால் திரும்பி வந்து அதே கோட்டுக்குள் கால் வைக்க வேண்டுமாம். பிறகு எல்லோரும் பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். அளவு எடுக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. ஆயுசில் ஒருத்தன்கூடக் கண்ணடித்துப் பார்க்காதவளுக்கு, ஒரே நேரத்தில் அறை முழுக்கக் கண்ணடித்தால் எப்படி இருக்கும்? காதுவரை சிவந்துவிட்டாள். ஆனால் அசையவில்லை.

இடைவேளையில் இறங்கி வந்து ஒவ்வொரு பலகையாகப் பார்த்தாள். கரியிலும் பென்சிலிலும் அவளுடைய கைகள் இருந்தன. சால்வையின் மடிப்பு இருந்தது. செருப்பின் அறுந்து தைத்த வார்கூட இருந்தது. கழுத்துக்கு மேலே மட்டும் ஒரு முட்டை. முட்டைக்குள் ஒரு பெருக்கல் குறி.

"என் முகம் எங்கப்பா?"

"சார்தான் சொல்லணும்க்கா," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"முகம் கடைசியில," என்றார் மாஸ்டர். "முகத்துல ஆரம்பிச்சா முகத்துலயே நின்னுடுவாங்க. உடம்போட எடை எங்க இறங்குது, அதை முதல்ல பிடிக்கட்டும்."

நியாயந்தான். ஆனால் கடைசி என்பது வருவதற்குள் கீழே காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிவிடுவார். பலகைகளை அடுக்கி வைத்துவிட்டு ஓடுவார்கள். முட்டை முட்டையாகவே நிற்கும்.

வாரா வாரம் இதே கூத்து. முதலில் அவள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு வீட்டுக்குப் போகும் வழியில் நினைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். பிறகு வேறெதையும் நினைக்க முடியவில்லை. யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, இந்த முகத்தையும் பார்த்து வரைந்துவிட்டால் போதும். தான் இன்னும் இருப்பதற்கு அது ஒரு சாட்சி மாதிரி. வாய்விட்டுக் கேட்க வெட்கம். அதனால் முகத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனாள். மோவாயைக் கொஞ்சம் தூக்கி விளக்குப் பக்கம் காட்டினாள். "கழுத்து நல்லா வந்திருக்கு" என்று மாஸ்டர் மாணவர்களைப் பாராட்டினார்.

கடைசி வகுப்பும் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து மறுபடியும் ஜாடி. மாஸ்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

"இன்னிக்கு முதுகு."

அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சுவரில் ஈரம் ஊறிய ஒரு கறை. அதற்காவது மூக்கும் வாயும் இருப்பது போலத் தெரிந்தது. பின்னால் கரித்துண்டுகள் தாளில் உரசுகிற சத்தம், எலி கொறிப்பது போல. கொஞ்ச நேரம் பொறுத்தாள். இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு எழுந்தாள், நாற்காலியை இழுத்துத் திருப்பிப் போட்டு, எல்லோரையும் பார்த்து உட்கார்ந்தாள்.

"ஐயோ அக்கா, அசையாதீங்க!"

"அசைஞ்சாச்சு," என்றாள். "கை வரைஞ்சீங்க, கால் வரைஞ்சீங்க, பிஞ்ச செருப்பைக்கூட விட்டு வைக்கல. இது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று தன் முகத்தைத் தொட்டுக் காட்டினாள்.

மாஸ்டர் வாயைத் திறந்தார். அதற்குள் பஸ் ஓட்டுநர், "சார், ஜாடிக்கே வாய் வரைஞ்சோம்," என்று சொல்லிவிட்டுப் புதுத் தாளைச் செருகினார்.

நேரம் கொஞ்சந்தான் இருந்தது. பென்சிலை நீட்டி அளக்கவெல்லாம் யாருக்கும் பொழுதில்லை. இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தார்கள், வரைந்தார்கள், மறுபடி பார்த்தார்கள். மூத்தவள் போன பிறகு அவளை இப்படி யாரும் பார்த்ததில்லை. முகம் வெயிலில் வைத்தது போலச் சுட்டது.

சாவிக்கொத்து குலுங்கியதும் படங்களைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தார்கள். அவள் முதல் படத்தின் முன்னால் நின்றாள். மருந்துக்கடைக்காரர் வரைந்தது: அவருடைய மேலுதடு, அவருடைய இரட்டை நாடி. அடுத்தது ஓட்டுநருடையது: அவருக்கே உரிய விசிறிக் காதும் தூக்கக் கண்ணும். பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் பெண் தன் குண்டுக் கன்னத்தை அப்படியே கொண்டுவந்து வைத்திருந்தாள். என் நாத்தனார் வரைந்த முகத்தில் குடை மாட்டி வைக்கலாம் போல ஒரு மூக்கு. என் வீட்டுக்காரருக்கும் அதே மூக்குத்தான், நான் தினமும் பார்க்கிறேனே!

"அளக்காம அவசரப்பட்டா இப்படித்தான்," என்றார் மாஸ்டர். "கை தனக்குத் தெரிஞ்ச முகத்தைப் போட்டுடும். தினம் கண்ணாடியில பார்க்கிறது எதுவோ, அதை."

சிலையக்கா அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்தாள். எல்லோரும் இருந்தார்கள். அவளைத்தான் காணவில்லை.

"நல்லா இருக்கு," என்றாள். பையை எடுத்துக்கொண்டாள். வெளியே கொட்டுகிற மழை. குடையில்லாமல், கையில் ஒரு தாளும் இல்லாமல், தன்னந்தனியாகத் தெருவில் இறங்கி...

"நிறுத்துங்க அண்ணி," என்கிறாள் இதை என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துக்கொண்டிருக்கும் என் நாத்தனார். "மழையாவது ஒண்ணாவது! அன்னிக்கு மேகமே இல்ல. தனியாவும் போகல, அவங்க வீட்டு வாசல் வரைக்கும் நான் கூடப் போனேன். வெறுங்கையாவும் இல்ல. என் படத்தைக் கேட்டு வாங்கிட்டாங்க. சுருட்டினா கரி கலைஞ்சிடும்னு ரெண்டு கையிலயும் தட்டு மாதிரி ஏந்திட்டே வந்தாங்க. 'வேணாம்க்கா, இது உங்க மூக்கே இல்ல'ன்னு வழியெல்லாம் சொன்னேன். 'தெரியும்டி, உன் மூக்குதான். இருக்கட்டும், வீட்ல இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கும்'னாங்க."