மூன்று தடவை கூப்பிடுகிறவள்

வீட்டில் என்னைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. சாயா ஆறிப்போகிறது என்று சொல்வதற்குக்கூட நான் மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவேன். முதல் தடவையே பதில் வந்திருக்கும், ஆனாலும் விடமாட்டேன். மிச்சம் இரண்டையும் கூப்பிட்டு முடித்தால்தான் மனசு அடங்கும். "உனக்கென்ன வட்டா?" என்று கேட்பார் வீட்டுக்காரர். வட்டு என்றால் எங்கள் கொச்சியில் கிறுக்கு. ஆமாம், வட்டுதான். அது பிடித்த கதையை இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கு முன்னால் நான் நேர் எதிர். எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்குக்கு மேல் கோபம். யாரையும் ஒரு தடவைதான் கூப்பிடுவேன். வந்தால் வா, வராவிட்டால் போ. அம்மாவும் அப்படித்தான். அப்பாவுக்கு நகரசபையில் தெருக் கூட்டும் வேலை, விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். சுள்ளிக்கல்லில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அம்மா ஒரே ஒரு குரல் கொடுப்பாள். அதற்கு எழுந்திருக்காதவருக்கு அன்றைக்குப் பாலில்லாத கட்டன் சாயாகூட இல்லை. அப்பாவே ஒரு நாள் வெறும் வயிற்றோடு போயிருக்கிறார்.

பன்றிக்காய்ச்சல் வந்த வருஷம் அது. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தது. நான் ஓர் உதவிக்குழுவில் தினக்கூலிக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் குழுவின் நர்ஸ் சேச்சி வந்து, "நீ தமிழ்தானே, கைகழுவிட்டு வா" என்று கூட்டிக்கொண்டு போனாள். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலிருந்து காயல் பக்கம் இறங்கும் சந்தில் ஒரு பழைய கிடங்கு. சுக்கும் மிளகும் அடுக்கிவைத்த இடம். வியாபாரம் நின்று வெகுகாலம் ஆகியும் வாசனை மட்டும் போகவில்லை, உள்ளே கால் வைத்ததும் தொண்டை காறியது. நடுவில் முற்றம், சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள், ஒரு மரப்படி ஏறினால் மேலே இன்னும் நாலு அறை. முற்றத்து உத்தரத்திலிருந்து மூட்டை நிறுக்கிற தராசின் சங்கிலி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே இருந்தவர்கள் இலங்கையிலிருந்து போர் துரத்தி வந்தவர்கள், முப்பது பேர் இருக்கும். முதலில் தமிழ்நாட்டில் ஒரு முகாமில் இருந்திருக்கிறார்கள். கொச்சியிலிருந்து தூரதேசத்துக்குப் படகு போகிறது என்று எவனோ ஆசை காட்டியிருக்கிறான், பாவி. வந்தார்கள், படகும் இல்லை அவனும் இல்லை. போலீசில் அகப்பட்டவர்களை முகாமுக்குத் திருப்பி அனுப்ப உத்தரவு வரும்வரை கிடங்கில் வைத்தார்கள். உத்தரவுக்கு முன்னால் காய்ச்சல் வந்து சேர்ந்தது. அதனால் யாரும் வெளியே வரக்கூடாது, வெளியாள் உள்ளே தங்கக்கூடாது, அறைக்கதவுகள் சாத்தியே இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

என் வேலை சுலபமானது. காலையும் மாலையும் முற்றத்தில் நின்று பட்டியலைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டவர் கதவைத் திறந்து வந்து கஞ்சி வாங்கிக்கொண்டு போக வேண்டும். பட்டியல் மலையாளத்தில் இருந்ததால் எனக்கு வசதி, தமிழ் எழுத்து எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். முகமூடிக்குள்ளிருந்து முதல் பேரைக் கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. அடுத்தது. அதற்கும் இல்லை. கடைசிப் பேர்வரை போனேன். ஒரு தாழ்ப்பாள்கூட அசையவில்லை. இருமல் சத்தம் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டது.

"என்னங்க இது, மனுசங்க இருக்கீங்களா இல்லையா?" என்று கத்திவிட்டு, கஞ்சி வாளிகளை முற்றத்தில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அரை மணி நேரம் கழித்துத் திரும்பிப்போனால் வாளிகள் காலி. காலி மட்டுமில்லை, கழுவி, கவிழ்த்து, ஒரே வரிசையில் வைத்திருந்தது. முற்றத்தில் ஈரக் கால்தடம் ஒன்றுகூட இல்லை. பகல் பதினொரு மணி, வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது, எனக்குக் கை மயிர் எழுந்து நின்றது.

இரண்டாம் நாள் கவிழ்த்த வாளிக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம். எழுத்துக் கூட்டிப் படித்தேன். மேல் அறையில் இருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்குக் காய்ச்சல், ஏழு மாசம், தனியாக இருக்கிறாள் என்று இருந்தது. சேச்சியிடம் ஓடினேன். அவள் முகம் மாறிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சியை இந்தக் காய்ச்சல் சும்மா விடாது, இரண்டு நாளைக்குள் மருந்து உள்ளே போக வேண்டும், தவறினால் இரண்டு உயிர் என்றாள். டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி என் கையில் வைத்தாள். வாசலில் வைத்துவிட்டு வரக்கூடாது, கையில் கொடுத்து, விழுங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், காலை ஒன்று மாலை ஒன்று, ஐந்து நாள் என்று சொல்லி அனுப்பினாள்.

படியேறினேன். அந்த அறை கடைசி. கதவடியில் விரல் கடை இடைவெளி இருந்தது. பட்டியலைப் பார்த்து அவள் பேரைக் கூப்பிட்டேன். அந்தப் பேரை இங்கே எழுதமாட்டேன். ஒருவர் பேரைச் சும்மா எடுக்கக்கூடாது என்பது அந்தக் கிடங்கில் நான் படித்தது.

உள்ளே பாய் சரசரத்தது. யாரோ எழுந்து நடந்து வந்தார்கள். கதவடியில் வெளிச்சம் மறைந்து இரண்டு பாதங்கள் தெரிந்தன, வீங்கிய பாதங்கள். அப்படியே நின்றன. ஒரு பலகை தூரத்தில் அவள் மூச்சு சுடச்சுட இழுப்பது கேட்கிறது. கதவு திறக்கவில்லை. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. மகாராணிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமோ என்று முணுமுணுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். சாயங்காலம் திரும்பவும் போனேன். ஒரே தடவை கூப்பிட்டேன். அதே பாதங்கள் வந்தன, அதே இடத்தில் நின்றன.

"விளிச்சோ?" என்று கேட்டாள் சேச்சி.

"கூப்பிட்டேன் சேச்சி. கதவுகிட்ட வந்து நிக்குறா, திறக்க மாட்டேங்குறா."

"நாளைக்குக் காலையிலயும் திறக்கலைன்னா போலீசைக் கூட்டி உடைக்கணும் மோளே. வேற வழியில்ல."

மறுநாள் காலையில் ஏறும்போதே எனக்குப் பயமும் கோபமும் ஒன்றாகக் கலந்துகிடந்தது. கூப்பிட்டேன். பாதங்கள் வர வெகுநேரம் ஆனது. சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறாள் போல, கை தேய்கிற சத்தம் கேட்டது. நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தியை நின்ற இடத்திலேயே அடுத்தடுத்து இரண்டாம் தடவை கூப்பிட்டேன், தொண்டை கிழியக் கத்தினேன்.

அந்தக் கணம் கிடங்கில் இருமல் நின்றது. ஒரு அறையில் இல்லை, எல்லா அறையிலும். காய்ச்சல்காரர்கள், குழந்தைகள், முப்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே சந்தில் ஆடு கத்துவது துல்லியமாகக் கேட்டது. சாத்திய கதவுகளுக்குப் பின்னால் அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. ஐயோ அம்மா என்று படியில் தடதடவென்று இறங்கி ஓடினேன்.

படியடியில் இருந்த அறைக்கதவு இரண்டு விரல் அளவு திறந்தது. முழங்கைவரை தீக்காயத் தழும்பு உள்ள ஒரு பெண்மணி. காகிதம் எழுதியது அவர்தான், மேலே இருப்பவளின் கதவடியில் கஞ்சி வைத்துவிட்டு வருவதும் அவர்தான்.

"தங்கச்சி, ஓடாதையும். இன்னும் ஒருக்கால் கூப்பிடும்."

"எதுக்குக்கா? ஏன் யாருமே பதில் சொல்ல மாட்டேங்குறீங்க?"

"சண்டை முடிஞ்சு அங்க, இலங்கையில, எங்களைச் சனத்தோட சனமா வச்சிருந்த இடத்துக்கு இப்பிடித்தான் ஒரு லிஸ்டைக் கொண்டு வந்தவை. முகம் தெரியாம துணி கட்டியிருந்தவை. பேர் சொல்லிக் கூப்பிட்டவை. எழும்பிப் போனவையில ஒருத்தரும் திரும்பி வரேல்லை." அவர் என் முகமூடியைப் பார்த்தார். நான் கையிலிருந்த பட்டியலைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அவள் மூண்டாம் தரம் கூப்பிட்டால் மட்டும்தான் திறப்பாள்."

"அப்ப நீங்களே கூப்பிட்டிருக்கலாமே, அக்கா. இவ்வளவு நேரம் ஏன் சும்மா இருந்தீங்க?"

"என்னால ஏலாது. நீர் போய்க் கூப்பிடும். பிறகு சொல்லுறன்."

போலீஸ் வந்து கதவை உடைத்தால் அவளுக்கு என்ன ஆகும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. முகமூடியைக் கழற்றி இடுப்பில் செருகினேன். பட்டியலைப் படியிலேயே போட்டேன். மேலே போய், கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, மூன்றாம் தடவை மெதுவாகக் கூப்பிட்டேன்.

தாழ்ப்பாள் விழுந்தது. கதவு திறந்தது. இருபது வயதுகூட இருக்காது. காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது, கண் சிவந்து கிடந்தது. ஆனால் அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் கல்யாண வீட்டில்கூடப் பார்த்ததில்லை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்கு மேலே, படிப்பக்கம் பார்த்தாள்.

"அவர் எங்க?" என்றாள்.

எவர் என்று தெரியாது. ஆனால் இல்லை என்று சொன்னால் கதவு சாத்திவிடும் என்று மட்டும் தெரிந்தது. "வருவார். முதல்ல இத முழுங்கு" என்றேன். நல்ல பிள்ளையாக வாயைத் திறந்து விழுங்கினாள்.

கீழே இறங்கியதும் தழும்புக்கார அக்கா சொன்னார். அன்றைக்குத் துணி கட்டி வந்தவர்கள் அவள் புருஷன் பேரை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். எழுந்து போகும்போது அவளிடம், "நான் வந்து மூண்டு தரம் கூப்பிடுவன், அதுக்கு முதல் ஆருக்கும் திறக்காதை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். மூன்றாம் தடவை என்றால் அவன்தான்.

"இதை முதல்லயே ஏன் சொல்லலை? என்னைப் பொய் சொல்ல வச்சிட்டீங்களே!" என்று அவரிடம் எரிந்துவிழுந்தேன்.

"சொல்லியிருந்தால் நீர் கூப்பிட்டிருக்க மாட்டீர் தங்கச்சி. தெரிஞ்சபடியால்தான் எனக்கு ஏலேல்லை" என்றார்.

ஐந்து நாள், பத்து வேளை. ஒவ்வொரு வேளையும் மூன்று தடவை கூப்பிட்டால்தான் தாழ்ப்பாள் விழும். ஒவ்வொரு வேளையும் அதே முகம், அதே பார்வை, என் தோளுக்கு மேலே. முதல் வேளைக்குப் பிறகு அவர் எங்கே என்று அவள் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நான் கூப்பிடும்போது கிடங்கில் இருமல் நிற்கும். மூன்றாம் தடவை முடிந்து தாழ்ப்பாள் விழும் வரைக்கும் உள்ள அந்தச் சின்ன நேரத்தில், எனக்குப் பின்னால் படியில் ஒரு பலகை கிரீச்சிடும். பழைய மரம், அப்படித்தான் இருக்கும் என்று மனசுக்குச் சொல்லிக்கொள்வேன். நாலாம் நாள் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். படியில் யாரும் இல்லை. கீழே தராசுச் சங்கிலி மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

காய்ச்சல் இறங்கியது. சேச்சி வயிற்றில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, "ரெண்டு துடிப்பும் நல்லா ஓடுது" என்று சிரித்தாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுவிட்டேன், சொல்வதற்கென்ன.

மற்றவர்களுக்கும் குணமாகி, முகாமுக்குத் திருப்பி அனுப்ப உத்தரவு வந்த அன்று, சந்து முனையில் பஸ் நின்றது. பேர் கூப்பிட்டு ஏற்றும் வேலையும் என் தலையில்தான். நான் பட்டியலை எடுக்கவில்லை. அறை அறையாகப் போய், முகத்தைக் காட்டி, ஒவ்வொருவரையும் மூன்று தடவை கூப்பிட்டேன். போலீஸ்காரர் ஒருவர், "இவளுக்கு என்னாச்சு, நேரமாகுது" என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கு வாளிகளைக் கவிழ்த்துவைத்தது போலவே சத்தமில்லாமல் ஒவ்வொருவராக வெளியே வந்து ஏறினார்கள்.

அவள் கடைசியாக வந்தாள். பஸ் படியில் கால் வைத்தவள் நின்றாள். அந்தப் பொய் என்னை அத்தனை நாளும் உறுத்திக்கொண்டே இருந்தது. "மன்னிச்சுக்கோ மோளே. வருவார்னு நான்தான் பொய் சொன்னேன். அவரைத் தேடித்தேடி நீ பார்க்கறப்பல்லாம் எனக்கு மனசு கேக்கல" என்றேன்.

"உங்கட குரல் எண்டு எனக்கு முதல் நாளே தெரியும் அக்கா. அவற்ர குரல் எனக்குத் தெரியாதோ?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் தேடேல்லை அக்கா. பார்த்தனான். முதல் தரம் திறந்த உடனை அவரைக் காணேல்லை, அதுதான் கேட்டனான். பிறகு நீங்கள் கூப்பிட்ட நேரமெல்லாம் அவர் வந்து உங்களுக்குப் பின்னால நிண்டவர்" என்றாள்.

காய்ச்சலில் கண்டிருப்பாள் என்று நினைத்தேன். இப்போதும் பகலில் அப்படித்தான் நினைக்கிறேன்.

"அப்ப நல்லதுதானே, வந்துட்டாரே" என்றேன், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "உயிரோட இருந்தால் அவரே கூப்பிட்டிருப்பார் அக்கா. உங்கட குரல் அவருக்கு எதுக்கு?"

பஸ் கிளம்பிவிட்டது. அவளுக்கு என்ன பிள்ளை பிறந்தது, இப்போது எங்கே இருக்கிறாள், எதுவும் எனக்குத் தெரியாது. இன்றைக்கும் இரண்டோடு நிறுத்தினால் யாரோ ஒருத்தி கதவுக்குப் பின்னால் வீங்கின காலோடு நின்றுகொண்டே இருப்பாள் என்று தோன்றுகிறது, அதனால் கூப்பிட்டு முடித்துவிடுகிறேன். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே அறையிலிருந்து வருவார், நான் சாயாவை நீட்டுவேன். அவர் என் முகத்தைப் பார்த்து வாங்குகிறாரா, இல்லை என் தோளுக்கு மேலே பார்க்கிறாரா என்று ஒவ்வொரு தடவையும் கவனிப்பேன். எனக்குப் பின்னால் நான் ஒரு நாளும் திரும்பிப் பார்ப்பதில்லை.