பதினாறு லிட்டர்

தோட்டக்காரருக்கு வீம்பு ஜாஸ்தி. வாதம் வந்து வலது கை விளங்காமல் போய் நான்கு மாதம் ஆகிறது. காலையும் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். ஆனாலும் மருந்தடிக்கும் ஸ்பிரேயர் வாங்க மனைவி கிளம்பியதும், "உனக்கு அதைப் பத்தி என்ன தெரியும்?" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

விடுதித் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் மருந்தடித்த மனுசன். "செடியெல்லாம் பூச்சி தின்னுது. திங்கட்கிழமை உங்களால முடிஞ்சா வாங்க, இல்லேன்னா உங்க வீட்டம்மாவை வேலைக்கு அனுப்புங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வீட்டில் குந்திக்கொண்டு அவள் உழைப்பில் சாப்பிடுவதை நினைத்தாலே அவருக்குப் பொறுக்கவில்லை. பழைய ஸ்பிரேயருக்கு ஒரு கை பம்ப் அடிக்க வேண்டும், ஒரு கை குழாயைப் பிடிக்க வேண்டும். பேட்டரி ஸ்பிரேயர் என்றால் இடது கையே தாராளம்.

"பேட்டரியில பதினாறு லிட்டர்தான் இருக்குண்ணே. சின்னதெல்லாம் கைப்பம்புதான்" என்றார் கடைக்காரர்.

அவர் வலது கையை மனைவிதான் ஸ்பிரேயரின் தோள்பெல்ட்டுக்குள் நுழைத்துவிட்டாள். காலி டேங்கோடு கடைக்குள் இரண்டு நடை நடந்தார். பட்டனைத் தட்டினார், மோட்டார் ஓடியது. முகத்தில் நான்கு மாதமாகக் காணாத களை. "இதையே கட்டிடுங்க" என்றார். காலி டேங்கை மாட்டிப் பார்த்து வாங்காதே என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! அதெல்லாம் மறந்தா போகும்?

"தண்ணி ஊத்திப் பாத்துடலாங்க" என்றாள் மனைவி. ஒழுகினால் தெரியுமே என்று நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

கடைக்காரர் டேங்கை நிரப்பி முக்காலி மேல் வைத்தார். இவர் தோளைக் கொடுத்து எழுந்தார். எழுந்தார் என்று எங்கே சொல்வது, எழப் பார்த்தார். வலது கால் மடங்கியது. கடைக்காரர் தாங்கியிருக்காவிட்டால் தரையில்தான் கிடந்திருப்பார்.

"இன்னொரு தடவை" என்றார். மறுபடியும் அதே கதி. மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை.

மனைவி அவர் தோளிலிருந்து பெல்ட்டைக் கழற்றினாள். அவர் முகத்தைப் பார்க்காமல் தானே மாட்டிக்கொண்டு எழுந்தாள். தள்ளாடினாள், ஆனால் நின்றாள். அந்தப் பாழாய்ப்போன டேங்க் அவள் இடுப்புக்குக் கீழே தொங்கியது.

அவர் இடது கையை நீட்டினார்.

"இங்க வா. பெல்ட்டைச் சுருக்கணும். இப்படியே போட்டா சாயங்காலத்துக்குள்ள தோளை அறுத்துடும்."

பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒற்றைக் கைக்கு அது அசையவில்லை. அவளே சுருக்கிக்கொண்டாள்.